கத்தரிக்கோலுக்கு அகப்படாத உருபு

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் காகித நாடாவைப் பாருங்கள். பின்லாந்துக்காரர்களின் பின்னிய மொழிச் சொல் ஒன்றை நீளமாக எழுதி வைத்திருக்கிறேன்: தலோயிஸ்ஸனிகின். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? கத்தரிக்கோலை எடுக்கிறேன். தலோ என்றால் வீடு, வெட்டியாயிற்று. அடுத்து வரும் இ, பன்மை. ஸ்ஸ, நம் 'இல்'. னி, 'என்னுடைய'. கின், 'உம்'. ஐந்து துண்டுகள். சேர்த்துப் படித்தால் 'என் வீடுகளிலும்'. நம்மிடம் 'என்' மட்டும் முன்னால் நிற்கிறது. மற்றபடி வீடு, கள், இல், உம் என்ற வரிசைகூட மாறவில்லை.

அப்படியானால் பின்னியம் நமக்கு உறவா என்று கேட்பீர்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. உருபுகளை அடுக்கடுக்காக ஒட்டும் வேலையைத் துருக்கியும் ஜப்பானியமும்கூடச் செய்கின்றன. ஒட்டும் இடத்தில் வேறுபாடும் உண்டு. வீடு என்பதை நாம் 'வீட்டின்' என்று இறுக்குகிறோம். பின்லாந்துக்காரர்கள் குக்கா, அதாவது பூ, என்பதைக் 'குகன்' என்று தளர்த்துகிறார்கள். கங்கைக்கரைக் குகன் இல்லை. 'பூவின்' என்று பொருள்.

இப்போது ரஷ்ய மொழி. க்னீகா, புத்தகம். க்னீகமி, புத்தகங்களால். இதில் எங்கே வெட்டுவது? பன்மையும் 'ஆல்' என்பதும் அந்த 'அமி'க்குள் பாலும் நீருமாகக் கலந்துவிட்டன. நானும் பத்துத் தடவை கத்தரியை வைத்துப் பார்த்துவிட்டேன்.

'புத்தகங்களின்' என்று சொல்ல வேண்டுமானால் இன்னும் வேடிக்கை. ஒட்டுவதற்குப் பதிலாக, இருக்கும் 'ஆ'வையும் உதிர்த்துவிட வேண்டும்: க்னீக். ஒருமை நீளம், பன்மை குட்டை! எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை என்று பள்ளியில் படித்தவன்தான் நான். ஆறாம் வேற்றுமைப் பன்மைக்கு உருபில்லை என்பதை ஏற்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

எண் சேர்ந்தால் கூத்து முற்றுகிறது. ஐந்து புத்தகங்கள் என்பதற்கு இந்த மொட்டைச் சொல்தான்: பியாத் க்னீக். இரண்டு, மூன்று, நான்குக்கு ஒருமையின் ஆறாம் வேற்றுமையான க்னீகி. ஐந்திலிருந்து இருபது வரை மொட்டையாகவே போய், 21 வந்ததும் மறுபடியும் ஒருமை க்னீகா! கடைசியில் 'ஒன்று' வருகிறதல்லவா, அதனால். 21 புத்தகங்களைத் தலையில் சுமந்து வந்தாலும், இலக்கணத்தில் நீங்கள் ஒற்றைப் புத்தகக்காரர்தான்.