கோடும் கோட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடமாகக் குழந்தைகளுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவன் நான். இங்கே என்னை உட்கார வைத்து, ஒரு படத்தையும் காட்டாமல் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலையைப் போடாமல் பாயசத்தின் ருசியைச் சொல்லச் சொல்வது மாதிரிதான். சரி, முயன்று பார்க்கிறேன்.

முதலில் நான் பட்ட ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் போட ஆரம்பித்த புதிதில் ஒரு சிறுவர் பத்திரிகைக்காக அணில் ஒன்று வரைந்தேன். முதுகில் புத்தகப் பை, கையில் குடை, பள்ளிக்கூடம் போகிற அணில். எனக்கே ரொம்பப் பிடித்த படம். பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. எழுதியவன் நாலாம் வகுப்புப் பையன். 'மாமா, உங்கள் அணிலுக்கு ஏன் ஐந்து கோடு? ராமர் மூன்று விரலால்தானே தடவிக்கொடுத்தார்?' அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

எனக்குச் சுரீர் என்றது. வடக்கே இருந்து வந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துப் போட்ட படம் அது. வட இந்திய அணிலுக்கு முதுகில் ஐந்து கோடு, நம் பக்கத்து அணிலுக்கு மூன்று. இரண்டும் வேறு வேறு இனம். என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் நாள் முழுக்க மூன்று கோட்டு அணில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அணில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதில் அந்தப் பையனுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. குடை பிடிக்கட்டும், பேசட்டும், பரீட்சைகூட எழுதட்டும். கோடுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இன்று நான் பேசப்போகிற அம்மையாருக்கு இந்த விஷயம் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது. அவர் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர்.

பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய முயலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீலக் கோட்டு போட்ட சின்ன முயல், பீட்டர். அந்தக் கதையில் ஒரு இடம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் மட்டும் திறந்தே வைத்திருங்கள். பீட்டர் அடுத்தவர் தோட்டத்தில் புகுந்து முள்ளங்கி தின்கிறான். தோட்டக்காரர் பார்த்துவிட்டுத் துரத்துகிறார். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு செருப்பு முட்டைக்கோசுப் பாத்தியில் விழுகிறது, இன்னொன்று உருளைக்கிழங்குப் பாத்தியில். செருப்பு போனதும் நாலு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. அப்புறம் கோட்டுப் பொத்தான் ஒரு வலையில் மாட்டிக்கொள்கிறது. கோட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறான். இப்போது ஓடுவது வெறும் முயல், நம் ஊர்ப் புதரில் ஓடுமே, அதே மாதிரி.

கோட்டு போட்டு நிமிர்ந்து நின்றபோதும் அது அதே முயல்தான். தோளெலும்பு அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, பின்னங்காலின் நீளம் சரியாக இருக்கிறது. கோட்டைக் கழற்றியதும் அவர் புதிதாக எதையும் வரைய வேண்டியிருக்கவில்லை. உள்ளே உடம்பு தயாராக இருந்தது. நாங்கள் பலரும் போடுகிற முயலின் சட்டையைக் கழற்றினால் உள்ளே ஒன்றும் இருக்காது. காது முளைத்த ஒரு தலையணைதான் இருக்கும்.

அந்த உடம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? பியாட்ரிக்ஸ் 1866 ஜூலை 28 அன்று லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம், துணியில் அச்சடிக்கிற தொழிலில் தாத்தா சேர்த்த சொத்து. பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். கூட விளையாட ஆறு வயது இளைய தம்பி ஒருவன், அவ்வளவுதான். மாடி அறையில் இரண்டு பேரும் முயல், எலி, தவளை, பல்லி, முள்ளெலி, வௌவால் எல்லாம் வளர்த்தார்கள். செத்துப்போனால் அழுதார்கள், அப்புறம் படம் போட்டார்கள். சிலவற்றைத் தோல் உரித்து, வேக வைத்து, எலும்பைத் தனியாக எடுத்துச் சேர்த்து அதையும் பார்த்து வரைந்தார்கள். சாப்பாட்டு நேரமாக இருந்தால் மன்னிக்க வேண்டும். ஆனால் அந்த எலும்புதான் பிற்பாடு கோட்டுக்குள் நின்றது.

வளர்ந்த பிறகும் முயல் வளர்ப்பது நிற்கவில்லை. பெஞ்சமின் என்று ஒரு முயல். அதைப் பார்த்துப் போட்ட வாழ்த்து அட்டைப் படங்களை 1890-இல் ஒரு நிறுவனம் 6 பவுண்டுக்கு வாங்கியது. அவருடைய முதல் சம்பாத்தியம். சந்தோஷத்தில் முயலுக்கு ஒரு கோப்பை நிறைய விதை வைத்தார். அங்கே தீனியாகப் போடுகிற விதைதான், ஆனால் கஞ்சா இனத்துச் செடியின் விதை. மறுநாள் காலை படம் போட உட்கார்ந்தால் முயலுக்குப் போதை, பிடிக்குள் நிற்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவன்தான் பீட்டர். லண்டன் கடைத்தெரு ஒன்றில் நாலரை ஷில்லிங் கொடுத்து வாங்கியது. அநியாய விலை என்று அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, முயலை இங்கே நிறுத்துகிறேன். எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். காளான்.

காளான் என்றால் எனக்குப் பைத்தியம். எங்கள் ஊரில் இடி இடித்த மறுநாள் விடிவதற்குள் கரையான் புற்றுப் பக்கம் ஓடுவோம். பெரியவர்கள் குழம்புக்குப் பறிப்பார்கள். நான் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தாள் தாளாக, புத்தகத்தை வட்டமாக வளைத்து விரித்த மாதிரி இருக்கும். பியாட்ரிக்ஸ் திருப்பிப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத்தான்.

கோடையில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போவார்கள். அந்தப் பக்கத்தில் சார்லி மெக்கின்டாஷ் என்று ஒருவர். தபால் பையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் காட்டு வழியில் நடந்தவர். மர அறுவை ஆலை விபத்தில் இடது கை விரல்களை இழந்தவர். நடந்த நடையில் பாசி, பெரணி, காளான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஊர் அவரைத் தபால்காரர் என்றது, விஷயம் தெரிந்தவர்கள் இயற்கை அறிஞர் என்றார்கள். பயங்கரக் கூச்சம் அவருக்கு. பெரிய வீட்டுப் பெண் பேச வந்தால் மிரண்டு நிற்பார். 1892-இல் பியாட்ரிக்ஸ் தன் காளான் படங்களை அவருக்குக் காட்டினார். படத்தைப் பார்த்ததும் மனிதர் மாறிவிட்டார். காளானின் நிறத்தைப் பற்றிக் கவிதை மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. குளிர்காலத்தில் அவர் காளான் பொறுக்கி லண்டனுக்குத் தபாலில் அனுப்புவார். இவர் அதைப் பார்த்துப் படம் போட்டு ஒரு பிரதியை அவருக்கு அனுப்புவார். மேலே மட்டும் போட்டால் போதாது, குறுக்கே வெட்டிப் போடு, அடித் தாள்களைத் தனியாகப் போடு என்று அவர் சொல்லிக்கொடுத்தார். இவரும் அப்படியே செய்தார். இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண்ணுக்கும் கூச்சப்படும் தபால்காரருக்கும் நடுவே காளான் போய்வந்துகொண்டிருந்தது. எனக்கு இதைவிட நல்ல கதை தெரியாது.

படத்தோடு அவர் நிற்கவில்லை. காளானின் வித்துகளைக் கண்ணாடித் துண்டில் முளைக்க வைத்து, 600 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். வித்து என்றால் கண்ணுக்குத் தெரியாத தூசி. நீங்களே பார்க்கலாம். நன்றாக விரிந்த காளான் குடையைக் காம்பு நீக்கி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் தாளில் கோலம் போட்ட மாதிரி கோடு கோடாகப் படிந்திருக்கும். கடையில் வாங்கிய காளானே போதும். காட்டில் பறித்ததைத் தெரியாமல் சாப்பிட மட்டும் வேண்டாம், அதை அழுத்திச் சொல்கிறேன்.

முளைத்த கதையை ஒரு கட்டுரையாக எழுதினார். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் அவரைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் 1897 ஏப்ரல் 1 அன்று லின்னேயன் சங்கம் என்கிற இயற்கை அறிஞர்கள் அமைப்பின் கூட்டத்துக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. கட்டுரை மட்டும்தான் போனது. பெண்கள் உள்ளே வரக் கூடாது, கியூவில் வேலை பார்த்த ஒருவர் அவருக்குப் பதிலாக அதைக் கொண்டுபோனார். பிறகு கட்டுரையை பியாட்ரிக்ஸே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் கட்டுரை இன்று எங்கும் இல்லை. சரியாக 100 வருடம் கழித்து, 1997-இல், அவரை நடத்திய விதம் சரியில்லை என்று அந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது. யாரிடம் ஒப்புக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. படங்கள் வீணாகவில்லை. 1967-இல் காளான் பற்றிய ஒரு கையேட்டில் அவருடைய 59 படங்களை அச்சிட்டார்கள். கதைக்காக இல்லை, காளானை அடையாளம் காண்பதற்காக!

மறுபடியும் கோட்டுக்கே வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கை. 1893 செப்டம்பர் 3 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு அரிய காளானை வரைந்தார். 'காட்டுக் கிழவன்' என்று அதை அழைப்பார்கள், கறுத்த தலை முழுக்கச் செதில் செதிலாக இருக்கும். மறுநாள் செப்டம்பர் 4. அவருடைய பழைய ஆசிரியையின் மகன் நோயல், ஐந்து வயது, உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறான். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நாலு முயல்களின் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்து, நடுநடுவே படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். பீட்டர் பிறந்தது அந்தக் கடிதத்தில்தான்.

பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். அது பெரிய காரியம், நான் எழுதிய கடிதம் எதையும் யாரும் வைத்திருக்கவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து அதைக் கேட்டு வாங்கிப் புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. புத்தகம் சின்னதாக, குழந்தையின் கைக்குள் அடங்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி போட்டார். வார்ன் நிறுவனம் வெளியிட ஒப்புக்கொண்டு, வண்ணப்படம் வேண்டும் என்றது. அவர் தயங்கியதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. முயல் பழுப்பும் பச்சையும்தான் முழுக்க வரும், அதில் என்ன சுவாரசியம் என்றார். என் மாதிரி ஆள் என்றால் முயலுக்கு ரோஸ் கலர் அடித்திருப்பேன். 1902-இல் வண்ணத்தில் வந்தது. முயல் பழுப்பாகவே இருந்தது. வருடம் முடிவதற்குள் 28,000 பிரதி அச்சாகிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். காளான் என் நேரத்தைத் தின்றுவிட்டது. ஆடுகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1905-இல் பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமானது. வியாபாரக் குடும்பம் என்று பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் நார்மன் இறந்துபோனார். அதே வருடம், புத்தகத்தில் வந்த காசைப் போட்டு, வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் ஹில் டாப் என்கிற பண்ணையை வாங்கினார். அந்த வீட்டின் மாடிப்படி, அடுப்பு, தோட்டக் கதவு எல்லாம் பிறகு வந்த புத்தகங்களில் அப்படியே இருக்கின்றன. மொத்தம் 23 சின்னப் புத்தகங்கள். 1913-இல் உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு படம் குறைந்தது, கண்ணும் மங்கியது. ஊரில் அவர் மிஸஸ் ஹீலிஸ், ஆட்டுக்காரம்மா. பண்ணை பண்ணையாக வாங்கினார். 1943 டிசம்பரில் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். ஹெர்ட்விக் என்ற அந்த மலையாடுகள் அங்கே தொடர்ந்து மேய வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்.

அந்த ஆட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு வருடத்தில் பழுப்பாகும், வயது ஏற ஏறச் சாம்பலாக வெளுக்கும். படம் போடுகிறவன் முதலில் ஆட்டின் வயதைக் கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும். நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.