லாக்சாங்: கேட் திறப்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகள் ஓடும் மிகக் குறைந்த தூரம் ஐந்து ஃபர்லாங். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். தரை காய்ந்திருந்தால், முதல் தரக் குதிரை ஒரு நிமிஷத்துக்குள் அதைக் கடந்துவிடும். 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தத் தூரத்தில் ஐரோப்பா முழுவதையும் கலக்கிய பெண் குதிரை லாக்சாங். 1993-ஆம் ஆண்டின் கார்ட்டியர் விருதுகளில் ஐரோப்பாவின் தலைசிறந்த குதிரை என்ற பட்டமே அதற்குத்தான் கிடைத்தது. இந்தப் பட்டம் வழக்கமாக ஒரு மைலும் அதற்கு மேலும் ஓடி ஜெயித்த குதிரைகளுக்குப் போகும். ஐந்து ஃபர்லாங் குதிரை வாங்குவது அபூர்வம். அதே குதிரை மறு ஆண்டு ஆகஸ்டில், யார்க் மைதானத்தில், முந்தின ஆண்டு தான் ஜெயித்த அதே நன்தார்ப் பந்தயத்தில் கடைசியாக வந்தது. ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே அது தோற்றுவிட்டது என்பதுதான் உண்மை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் விரிவாகப் பேசப்போகிறேன்.

முதலில் குதிரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் பிறந்தது. தந்தை சாங், தாய் பெக்கிட்ஸ் வெல். வளர்த்தவரும் உரிமையாளரும் ஜெஃப் ஸ்மித். பயிற்சியாளர், ஹாம்ப்ஷயரில் கிங்ஸ்கிளேர் லாயத்தை நடத்திய இயன் பால்டிங். 1971-இல் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை ஜெயித்த மில் ரீஃப் என்ற குதிரையைப் பயிற்றுவித்தவரும் இவர்தான். வேகக் குதிரைகள் பெரும்பாலும் இரண்டு வயதிலேயே களம் இறங்கிவிடும். லாக்சாங் இரண்டு வயதில் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. மூன்று வயதில்தான் தொடங்கியது. நான்கு வயதில், 1992-இல், நாடே திரும்பிப் பார்த்தது.

அந்த ஆண்டு அது ஜெயித்தவை மூன்று பெரிய ஹேண்டிகேப் பந்தயங்கள்: குட்வுட்டில் ஸ்டூவர்ட்ஸ் கப், டான்காஸ்டரில் போர்ட்லேண்ட், ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் கோல்ட் கப். மூன்றையும் ஒரே பருவத்தில் அதற்கு முன் எந்தக் குதிரையும் ஜெயித்ததில்லை. ஹேண்டிகேப் என்றால், திறமைக்குத் தக்கபடி ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் எடை ஏற்றுவார்கள். ஐந்து ஃபர்லாங்கில் மூன்று பவுண்ட் எடை கூடினால் ஒரு குதிரை நீளம் பின்தங்கும் என்பது பிரிட்டனில் கைக்கொள்ளும் கணக்கு. ஜெயிக்க ஜெயிக்க எடை கூடும். ஆக, இரண்டாவது வெற்றியே கஷ்டம், மூன்றாவது அதைவிடக் கஷ்டம். போதாததற்கு, இருபது முப்பது குதிரைகள் மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரவி ஓடும் பந்தயங்கள் இவை. தொடக்கத்தில் குதிரைகள் நிற்கும் கூண்டுகளின் வரிசையில் எந்தப் பக்கத்துக் கேட் கிடைக்கிறது என்பதே பாதி விதியை எழுதிவிடும். இத்தனையையும் மீறி ஒரு குதிரை மூன்றையும் வெல்கிறது என்றால், அதற்கு வேகம் மட்டும் போதாது, முரட்டு மனமும் வேண்டும். லாக்சாங்குக்கு இரண்டும் இருந்தன.

அது ஓடிய முறை எளிமையானது. கேட் திறந்ததும் முதலில் பாயும். முன்னால் போய்விடும். பிறகு அதைப் பிடிக்க முடிந்தவர்கள் பிடித்துக்கொள்ளலாம். ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது ஃபர்லாங்குகள்தான் மிக வேகமானவை. முதல் ஃபர்லாங் நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் நேரம் பிடிக்கும். கடைசி இரண்டில் எல்லாக் குதிரைகளுமே தளர்கின்றன. பின்னாலிருந்து ஒரு குதிரை சீறி வருவதுபோல் நமக்குத் தெரிவதெல்லாம், அது மற்றவற்றைவிடக் குறைவாகத் தளர்கிறது என்பதுதான். லாக்சாங் அதிகபட்ச வேகத்தைச் சீக்கிரமே எட்டியது. எட்டிய வேகத்தைப் பிறர் விடும் இடத்தில் விடாமல் வைத்திருந்தது. குட்வுட்டின் ஐந்து ஃபர்லாங் பெரும்பாலும் இறக்கம். சாண்டவுனின் ஐந்து ஃபர்லாங் முழுக்க ஏற்றம். குட்வுட்டில் 1993-இல் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும், சாண்டவுனில் 1994-இல் டெம்பிள் பந்தயத்தையும் அதே பாணியில் ஜெயித்தது. வெறும் இறக்கத்து வேகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

1993-இல் ஃபிராங்கி டெட்டோரி அதன் ஜாக்கியானார். ஆகஸ்டில் யார்க்கில் நன்தார்ப். பாரிஸ் ஹவுஸ், காலேஜ் சேப்பல் போன்ற குதிரைகள் பின்னால் வந்தன. அக்டோபரில் பாரிஸின் லாங்ஷாம் மைதானத்தில் ப்ரீ த லாபே. ஆறு குதிரை நீள வித்தியாசம். ஐந்து ஃபர்லாங் பந்தயத்தில் தலை அளவிலும் கழுத்து அளவிலும்தான் முடிவு தெரியும். உயர்தரப் பந்தயமொன்றில் ஆறு நீளம் என்பது கேள்விப்படாத சங்கதி.

இனி அதன் குணத்துக்கு வருகிறேன். லாக்சாங் கோபக்காரக் குதிரை, அடம்பிடிக்கும் குதிரை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஓட மறுத்த குதிரை அல்ல. ஓடத் துடித்த குதிரை. அந்தத் துடிப்பு, கேட் திறந்த பிறகு வந்தால் வெற்றி. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தால் தோல்வி. அவ்வளவுதான் வேறுபாடு.

காரணம் மைதானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நேர்கோட்டு ஓட்டத்தில் முடிவுக் கோடு பார்வையாளர் மாடத்துக்கு எதிரே இருக்கும். தொடக்க இடம் அங்கிருந்து ஐந்து ஃபர்லாங் தள்ளி. குதிரைகள் மாடத்தின் முன்னால் களத்துக்குள் நுழைந்து, தாங்கள் ஓடப்போகும் அதே தூரத்தை எதிர்த் திசையில் மெல்லோட்டமாகக் கடந்து போக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களின் இரைச்சல், கண் முன்னால் விரிந்த பச்சைப் புல், கால் வைத்தவுடன் ஓடச் சொல்லும் தரை. லாக்சாங் மாதிரிக் குதிரைக்கு இதுவே பந்தயம் தொடங்கிவிட்டதற்கான அடையாளம். ஜாக்கியின் எடை ஐம்பத்தைந்து கிலோ, குதிரையின் எடை ஐந்நூறு கிலோவை ஒட்டி. குதிரை தலையைத் தூக்கி, வாயிலுள்ள கடிவாள இரும்பைப் பல்லில் பிடித்துக்கொண்டு பறந்துவிட்டால், இழுத்து நிறுத்துகிற பலம் எந்த மனிதனுக்கும் கிடையாது.

1994-இல் யார்க்கில் நடந்தது அதுதான். தொடக்க இடத்துக்குப் போகும் வழியிலேயே லாக்சாங் டெட்டோரியின் பிடியை மீறி ஓடிவிட்டது. கேட்டுக்குள் நுழைந்தபோது அதன் சக்தி தீர்ந்திருந்தது.

இதன் உடல் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிஷத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் 220-ஐத் தாண்டும். பதற்றம் வந்தாலே மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டிவிடும். ஓட்டத்துக்கு அது நல்லதுதான், ஆனால் அந்தப் பதற்றமே வியர்வையாகவும் வெப்பமாகவும் சக்தியைக் கரைக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அது வடிய நிமிஷங்கள் போதாது, நிதானமாக நடத்திச் செல்லும் நேரம் தேவை. பந்தயம் அதற்காகக் காத்திருக்காது. இன்னொன்று: பாய்ந்தோடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். கடிவாளத்தோடு சண்டை போட்டு வாயைத் திறந்து தலையைத் தூக்கும்போது மூச்சு வழி நெருக்கப்படுகிறது. ஓடவும் ஓடி, மூச்சும் குறைந்தால் என்ன மிஞ்சும்?

இத்தகைய குதிரையை வைத்திருக்கும் லாயங்கள் செய்வது என்ன? கூட்டம் சுற்றி நிற்கும் அணிவகுப்பு வளையத்துக்குள் கடைசியாகக் கொண்டுவருவார்கள். ஒரு ஆள் பிடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடிப்பார்கள். அனுமதி வாங்கி, மற்ற குதிரைகளுக்கு முன்பாகவே தொடக்க இடத்துக்கு நடத்திச் செல்வார்கள். பின் தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை தென்படுகிறதா, வால் சுழல்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். அங்கே நுரை கட்டினால் குதிரை ஏற்கெனவே செலவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஜாக்கி இரண்டு கடிவாள வார்களையும் குறுக்காக மடித்துக் குதிரையின் கழுத்தின் மேல் ஊன்றிக்கொள்வார். அப்போது குதிரை இழுத்தால் தன் கழுத்தையே எதிர்த்து இழுக்கும். இடைவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் பெரிய தப்பு. இழுப்புக்கு இழுப்பு குதிரைதான் ஜெயிக்கும். கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி பிடிக்கிற கைகள் வேண்டும். வேலியை ஒட்டியே கூட்டிப் போவதும், மெதுவான இன்னொரு குதிரையின் பின்னால் மறைத்துக் கொண்டுபோவதும் உண்டு. கேட்டில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதும் முக்கியம்.

1994 முழுவதும் தோல்வி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வசந்தத்தில் நியூமார்க்கெட்டில் பேலஸ் ஹவுஸ், பிறகு டெம்பிள், ராயல் ஆஸ்கட்டில் கிங்ஸ் ஸ்டாண்ட் என்று தொடர்ந்து ஜெயித்தது. ஆறு ஃபர்லாங் ஜூலை கப்பில் எடுபடவில்லை; முதல் தர வரிசையில் அதன் வெற்றிகள் எல்லாம் ஐந்து ஃபர்லாங்கில்தான். யார்க் சறுக்கலுக்குப் பிறகு, அக்டோபரில் லாங்ஷாமுக்குத் திரும்பிப் போய் லாபே பந்தயத்தை இரண்டாம் முறையாக வென்றது. ஆறு நீள வெற்றியைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். யார்க்கில் நடந்த கெட்ட அனுபவத்துக்குப் பிறகு அந்தக் குதிரையை மறுபடி அமைதியாகத் தொடக்க இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது, ஓட்டுவதைவிட நுட்பமான வேலை.

நவம்பரில் அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸில் பிரீடர்ஸ் கப் ஸ்பிரிண்ட். மண் தரை, ஆறு ஃபர்லாங், அதில் ஒரு வளைவு வேறு. நேர்கோட்டுப் புல் தரையில் பேர் வாங்கிய குதிரைக்கு எல்லாமே புதிது. கடைசி இடம்தான் கிடைத்தது. அதுவே அதன் கடைசி ஓட்டமும்கூட. மொத்தம் 27 பந்தயங்கள், 15 வெற்றிகள்.

அதே பெக்கிட்ஸ் வெல் ஈன்ற லாக்கேஞ்சல், ஜெஃப் ஸ்மித்துக்காகவே பால்டிங்கின் லாயத்திலிருந்து ஓடி, 1998-இல் யார்க்கில் நன்தார்ப் பந்தயத்தை ஜெயித்தது.