தாத்தா ரைஸ் மில்லுக்குப் போயிருக்கார்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போன எதிரணி நண்பர்களுக்கும், நூலக வார விழா என்றால் புத்தகம் வாங்கச் சொல்வார்கள் என்று தெரிந்தும் துணிந்து வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"பெற்றோரின் தளர்வைச் சொல்லும் கதைகள் நம்மை அழ வைக்கின்றனவா, ஆளாக்குகின்றனவா?" இதுதான் தலைப்பு. ஆளாக்குகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கதையைச் சொல்லி அமர்ந்தார். மகன் வெளிநாட்டில், அம்மா முதியோர் இல்லத்தில், அம்மா இறந்த பிறகு தலையணைக்கு அடியில் ஒரு கடிதம். அதில், "உனக்கு இங்கே ஃபேன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு நீயும் வயதாகி இங்கே வரும்போது புழுங்கக் கூடாது பார்" என்று எழுதியிருக்கும். நம் எல்லாருடைய போனிலும் அந்தக் கதை இருக்கிறது. படித்து அழுதுவிட்டு, அழைக்கும் அம்மாவிடம் "மீட்டிங்கில் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, அதையே நாலு குழுவுக்கு அனுப்புகிறோம். அவர் சொன்னது உண்மை, நானும்தான் கைதட்டினேன். அந்தக் கதையில் ஃபார்வர்டு எண்ணிக்கையைத் தவிர வேறு எதுவும் வளர்வதில்லை. அதை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. ஊசிப் போன இட்லியைக் காட்டி, சமையலே கூடாது என்றால் எப்படி?

அடுத்து வந்தவர் மகாபாரதத்துப் புருவைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் யயாதி இளமையிலேயே கிழவனாகிறான். ஐந்து பிள்ளைகளிடமும் இளமையைக் கடன் கேட்கிறான். நாலு பேர் முடியாது என்கிறார்கள். கடைசிப் பிள்ளை புரு கொடுக்கிறான். "பார்த்தீர்களா, இப்படித் தியாகம் தியாகம் என்று சொல்லியே கதைகள் பிள்ளைகளைக் குற்ற உணர்வில் தள்ளுகின்றன" என்றார் நண்பர். கதையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். ஆயிரம் ஆண்டு அனுபவித்த யயாதி, நெய் ஊற்றினால் தீ அணையாது என்று புரிந்துகொண்டு மகனின் இளமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறான். அங்கே ஆளானது அப்பா! இன்னொன்று. முடியாது என்று சொன்ன மூத்தவன் யதுவின் வம்சத்தில்தான் கண்ணன் பிறந்தான். தியாகம் செய்த புருவின் வம்சத்திலோ கௌரவர்களும் பாண்டவர்களும் பிறந்து பங்காளிச் சண்டை போட்டார்கள். "மாட்டேன்" என்று சொன்ன பிள்ளைக்கும் மகாபாரதம் இடம் வைத்திருக்கிறது. குற்ற உணர்வை அதில் ஏற்றியது வியாசர் இல்லை, நாம்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அதாவது, எனக்குப் பயன்பட்ட கதைக்கு.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். லியர் மன்னன் நாடகத்தை நானும் படித்தேன். படித்தேன் என்றால், நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் எடுத்தேன். எண்பது வயதைத் தாண்டிய ராஜா ராஜ்ஜியத்தைப் பிரித்துக் கொடுக்கிறான். யாருக்கு என்மேல் பாசம் அதிகம் என்று மூன்று பெண்களையும் கேட்கிறான். மூத்தவர்கள் இருவரும் வாய் நிறையச் சொல்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா, சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அவளைத் துரத்திவிட்டு, மூத்தவர்கள் வீட்டில் மாதம் ஒரு வீடாக முறை வைத்துத் தங்க ஏற்பாடு செய்துகொள்கிறான். மாத முறை என்பது நான் சேர்த்தது இல்லை, நாடகத்திலேயே இருக்கிறது! இதை எழுதிய ஷேக்ஸ்பியர் கும்பகோணத்துப் பக்கம் எந்த அக்ரஹாரத்தில், எந்தக் கீழத்தெருவில் குடியிருந்தார் என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

ராஜாவுக்கு உடன் வர நூறு வீரர்கள். நூறு எதற்கு, ஐம்பது போதுமே என்கிறாள் ஒருத்தி. ஐம்பது எதற்கு, இருபத்தைந்து போதும் என்கிறாள் அடுத்தவள். பத்து எதற்கு, ஐந்து எதற்கு, கடைசியில் ஒன்றுகூட எதற்கு? அந்தப் பெண்கள் சொன்ன காரணங்களை மறுபடி படித்துப் பாருங்கள். வீட்டில் சத்தம், ஒழுங்கில்லை, வேலைக்காரர்கள் நம்மிடமே இருக்கிறார்களே. எல்லாமே நியாயமான காரணங்கள்.

இருபது வயதில் நான் அந்தப் பெண்களைக் கொடுமைக்காரிகள் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஐம்பது வயதுக்கு மேல் என் வீட்டில் அதே கணக்கை நானே போட்டேன். அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அன்றோடு அம்மாவுக்குச் சமையலறை போயிற்று. பத்து ரூபாய் வெண்டைக்காய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் வந்தார், சுருக்குப்பை போயிற்று. கோயிலுக்குப் போனவர் திரும்பி வரும் தெரு தெரியாமல் குளத்தங்கரையில் நின்றார், வாசல் போயிற்று. இடுப்பில் நாற்பது வருடம் தொங்கிய சாவிக்கொத்தை நானே கழற்றினேன், "உன் நல்லதுக்குத்தானம்மா" என்று சொல்லிக்கொண்டே. நூறு, ஐம்பது, இருபத்தைந்து. நான் கெட்டவன் இல்லை, நடுவர் அவர்களே. அந்தப் பெண்களும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். மேடையில் வில்லியாகப் பார்த்தவளை ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கிறோமே, அதற்கு அழுகை வராது. வேறு ஏதோ ஒன்று வருகிறது. அந்த ஏதோ ஒன்றுக்காகத்தான் நான் இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

(சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள்தான். இன்றைக்கும் இடுப்பில் இருக்கிறது.)

இந்த நோயில் நேற்று நடந்தது முதலில் போகும், நாற்பது வருடத்துக்கு முன் நடந்தது நிற்கும். சாயங்காலமானால் குழப்பம் கூடும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆறு மணி அடித்ததும் அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். "உங்கப்பாவை இன்னும் காணலியே?" அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் உண்மையைச் சொல்லும் பிள்ளை. "அப்பா செத்துட்டாரும்மா" என்று சொல்வேன். நம்பவில்லை என்றால் கூடத்தில் மாலை போட்டிருக்கும் படத்தைக் காட்டுவேன். வாதத்தில் நான்தான் ஜெயிப்பேன். அம்மா அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுவார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி கேட்பார். நான் மறுபடி படத்தைக் காட்டுவேன். ஒரே சாவை அந்த அம்மாளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஒரு சாயங்காலம் நான் வாய் திறப்பதற்கு முன்னால் என் மகள் சொன்னாள்: "தாத்தா ரைஸ் மில்லுக்குப் போயிருக்கார் பாட்டி. லோடு வந்திருக்காம், லேட்டாகுமாம்." அப்பா ரைஸ் மில்லில் கணக்கெழுதியவர். அம்மா, "சாப்பிட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா" என்று முணுமுணுத்துவிட்டு, தட்டைக் கொண்டுவரச் சொன்னார். முடிந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது கார்டீலியா. நாடகத்தின் பின்பகுதியில், புயலில் அலைந்து புத்தி கலங்கிய அப்பா கண் விழிக்கிறான். எதிரே தான் துரத்திய பெண். "என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது" என்கிறான். காரணம் இல்லையா? மலை அளவு இருக்கிறது. ஆனால் அவள், "காரணம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்கிறாள். முதல் காட்சியில் ராஜ்ஜியமே போனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்ற அதே பெண்! வாதத்தில் ஜெயிப்பதை அவள் கைவிட்ட இடம் அது. அந்த ஒரு வரியில் அவள் ஆளாகிவிட்டாள். நான் அதை முப்பது வருடத்துக்கு முன் படித்து, இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு மறந்தவன். கதை என்னை மறக்கவில்லை. நம் வள்ளுவரும் பொய்க்கான இடத்தை வேறெங்கும் வைக்கவில்லை, வாய்மை அதிகாரத்திலேயே வைத்தார். அதுவும் இரண்டாவது குறளிலேயே. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்றார். பள்ளியில் அதையும் ஒப்பித்திருக்கிறேன். ஒப்பிக்கும்போது எனக்கு அம்மா நன்றாக இருந்தார், அதனால் அர்த்தம் தெரியவில்லை.

இப்போது எதிரணியின் மூன்றாவது பேச்சாளர், அந்தச் சகோதரி கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் கஷ்டமான இடம். "இந்தக் கதைகளில் எல்லாம் ஆளாவது மகன். பீத்துணி அலசுவது யார்?" என்றார். அரங்கத்தில் பெண்கள் பக்கம் எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் மனைவியும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார், நடுவர் அவர்களே. அவரும் தட்டினார். நான் பார்த்தேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தபோது, பிள்ளைகள் என்று அதில் எழுதிய பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்தி இருந்தார்கள். மருமகள் இல்லை. சட்டம் மருமகளைக் கேட்கவில்லை. ஆனால் நம் வீடுகள் அவரை மட்டும்தான் கேட்கின்றன.

ஆனால் சகோதரி, எல்லாக் கதைகளும் அதை மறைக்கின்றன என்றீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜப்பானில் சவாகோ அரியோஷி என்ற பெண் எழுத்தாளர் 1972-இல் ஒரு நாவல் எழுதினார். வேலைக்குப் போகும் மருமகள் அகிகோ. காலமெல்லாம் அவளைக் குத்திக்காட்டிய மாமனாருக்கு மறதி நோய். பெற்ற மகனையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மருமகளைத் தெரிகிறது, அவளைத்தான் கூப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறார், இரவில் எழுந்து எழுந்து அவளை எழுப்புகிறார். எதையும் அந்தப் பெண் எழுத்தாளர் பூ போட்டு மூடவில்லை. ஒருநாள் கொஞ்சம் கவனம் தப்பி, மாமனார் குளியல் தொட்டியில் மூழ்கப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் அகிகோ, இந்த மனுஷரை முடிந்தவரை வாழவைப்பேன் என்று முடிவெடுக்கிறாள். யாரும் சொல்லி இல்லை, அவளாக. அந்த நாவல் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அதைப் படித்த ஜப்பானியர்கள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கதவுக்குள் மூடி வைத்திருந்ததை வெளியே பேசத் தொடங்கினார்கள். 2000-இல் அந்த நாடு முதியோர் பராமரிப்புக்கென்றே அரசுக் காப்பீட்டைத் தொடங்கியது. நாற்பது வயதாகிவிட்டால் ஆண், பெண் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு நாவலால் சட்டம் வந்தது என்று நான் கதைவிடப் போவதில்லை, இடையில் 28 வருடம் ஓடியிருக்கிறது. ஆனால் பேச்சைத் தொடங்கி வைத்தவற்றில் அந்த நாவலும் ஒன்று.

அந்தக் கதையில் எனக்கு உறைத்தது அகிகோ இல்லை. அவள் கணவன். அப்பாவைப் பார்க்கிறான், நாளைக்கு நமக்கும் இப்படித்தானோ என்று பயப்படுகிறான், அதோடு சரி. வேலை எல்லாம் அவளுக்கு. புத்தகத்தை மூடினால் அடுக்களையில் என் மனைவி அம்மாவின் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். கல்யாணமாகி 26 வருடத்தில் முதல்முறை என்று அவர் சொன்னது, கேலியாகத்தான் சொன்னார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைக் குளிப்பாட்டுவது என்னால் முடியவில்லை. அம்மா கூச்சப்பட்டுக் கத்தினார். அந்தக் கூச்சம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. துணி என் கணக்குக்கு வந்தது. ராத்திரி முழிப்பு வந்தது. அப்புறம் தலை.

தலை என்றால், அம்மாவின் தலைமுடி. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்ன வேண்டும். எனக்கு அது அக்கவுண்டன்சியைவிடக் கஷ்டம். முதல் நாள் என் மகள் சிரித்துச் சிரித்து, ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி மூன்று பிரியாகப் பிரித்துக் கொடுத்துப் பழகச் சொன்னாள். நடு வகிடு நேராக வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம்.

போன வாரம் காலையில் பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியில் என்னையே பார்த்தார். நான் யார் என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். கடைசியில், "நல்லா வலிக்காம பின்னுறியே தம்பி. உங்கம்மா சொல்லிக்குடுத்தாங்களா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

நன்றி. வணக்கம்.