கட்சியைக் கலைத்த நீதிமன்றமும் கலையாத கூட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். தாய்லாந்துத் தலைநகர் பாங்காக் சென்று வந்தவர்களுக்குச் சுவர்ணபூமி விமான நிலையம் நினைவிருக்கும். பெயரைக் கேட்டாலே பொருள் விளங்கிவிடும்: பொன்னிலம். 2008 நவம்பர் 25 முதல் ஒரு வாரத்திற்கும் மேலாக அந்தப் பொன்னிலத்தில் பயணிகள் விமானம் எதுவும் எழும்பவில்லை. மஞ்சள் சட்டை அணிந்த பல்லாயிரம் பேர் உள்ளே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களின் கையில் கைத்தட்டும் கருவி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக்கில் செய்த சிறு உள்ளங்கைகளைக் கோத்து, ஆட்டினால் சடசடவென்று ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். அரசு பதவி விலகும்வரை தட்டிக்கொண்டே இருப்போம் என்றார்கள். டிசம்பர் 2 அன்று அரசமைப்பு நீதிமன்றம் ஆளும் கூட்டணியின் மூன்று கட்சிகளைக் கலைத்தது. மறுநாள் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒரு கூட்டம் கலைந்த அதே நாளில் இன்னொரு கூட்டம் திரளத் தொடங்கியது. இன்று நான் பேசவிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கூட்டத்தை, அதாவது கலைக்கப்பட்ட கட்சியின் வாக்காளர்களைப் பற்றித்தான்.

கலைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது மக்கள் சக்திக் கட்சி. தாய் மொழியில் அதன் பெயர் பலங் பிரசாசோன். காதைக் கொடுத்துக் கேட்டால் பலம், பிரஜா, ஜனம் என்ற மூன்று சொற்களும் நமக்கு அறிமுகமானவைதான். (தாய் என்று நான் சொல்லும்போது அந்த நாட்டு மொழியைச் சொல்கிறேன், அன்னையை நினைத்துக் குழம்பிவிட வேண்டாம்.) 2007 டிசம்பர் தேர்தலில் 480 இடங்களில் 233 இடங்களை வென்று ஆட்சி அமைத்த கட்சி அது. அதுவும் ஒரு கலைந்த கட்சியின் மறுபிறவியே. முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவின் தாய் ராக் தாய் கட்சியை 2007 மே மாதம் ஒரு தீர்ப்பாயம் கலைத்து, நிர்வாகிகள் 111 பேருக்கு ஐந்தாண்டு தடை விதித்திருந்தது. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரண்டாம் முறையாகத் தங்கள் கட்சி கலைக்கப்படுவதை அதே வாக்காளர்கள் பார்த்தார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சமையல் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அரசியல் அறிவியல் கற்பித்த ஆண்டுகளில் என் மாணவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறந்ததில்லை. அந்த ஆட்சியின் முதல் பிரதமர் சமக் சுந்தரவேஜ். பாங்காக்கின் ஆளுநராக இருந்தவர். வாய்த்துடுக்குக்குப் பெயர் பெற்றவர். அதைவிடவும் சமையலுக்குப் பெயர் பெற்றவர். தானே சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கிவருவார். பன்றிக்காலைக் கோக்கோ கோலாவில் வேகவைப்பது அவருடைய புகழ்பெற்ற பக்குவம். தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'ருசி பார்த்துக்கொண்டே புலம்புவது' என்று வரும். பிரதமரான பின்னும் அகப்பையைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சில முறை நிகழ்ச்சிக்கு வந்து சமைத்தார். அமைச்சராக இருப்பவர் தனியார் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்லியிருந்தது. வழிச்செலவுக்கும் மளிகைச் சாமானுக்கும்தான் பணம் பெற்றேன் என்று அவர் வாதாடினார். ஊழியர் என்றால் யார் என்பதற்குத் தொழிலாளர் சட்டத்தின் வரையறையோடு நீதிமன்றம் நிற்கவில்லை, அகராதியைப் புரட்டியது. அகராதிப் பொருளின்படி அவர் ஊழியரே என்று 2008 செப்டம்பர் 9 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள். பதவி போயிற்று. வகுப்பில் மாணவர்கள் சிரித்து ஓய்ந்தபின் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: அவருக்கு வாக்களித்த விவசாயி இந்தச் செய்தியை வானொலியில் கேட்டபோது சிரித்திருப்பாரா?

அடுத்துப் பிரதமரான சோம்சாய் வோங்சவத், தக்சினின் தங்கை கணவர். நீதிபதியாகவே பணியாற்றியவர் என்பது இதில் உள்ள வேடிக்கை. அவரையும் டிசம்பர் தீர்ப்பு கொண்டுபோயிற்று. அதற்கு அடிப்படையான விதி, தக்சினைப் பதவியிலிருந்து அகற்றிய 2006 ராணுவப் புரட்சிக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 237ஆம் பிரிவு. கட்சி நிர்வாகிகளில் ஒருவர் தேர்தல் முறைகேட்டில் சிக்கினாலும் கட்சியையே கலைக்கலாம்; மற்ற நிர்வாகிகளுக்கும் ஐந்தாண்டு தடை. மக்கள் சக்திக் கட்சியின் துணைத் தலைவர் யோங்யுத் தியாபைரத் வாக்குகளை விலைக்கு வாங்க முயன்றார் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தது. குற்றச்சாட்டு வெறும் கட்டுக்கதை என்று நான் வாதாட வரவில்லை. தக்சினும் அப்பழுக்கற்றவர் அல்லர்: 2003இல் போதைப்பொருளுக்கு எதிரான அவருடைய 'போரில்' இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், 2006இல் அவருடைய குடும்பம் தன் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளை வரியின்றி விற்றது நடுத்தர வர்க்கத்தைக் கொதிக்க வைத்தது. தவறு செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. தவறு செய்யாத பல லட்சம் பேர் போட்ட வாக்கின் மேல் கோடு கிழிப்பது வேறொன்று என்பதே நான் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது.

தடைபெற்ற தலைவர்கள் 109 பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய மனைவியும் தம்பியும் மைத்துனரும் அரசியலுக்கு வந்தார்கள். கலைக்கப்பட்ட இன்னொரு கட்சியான சார்ட் தாயின் தலைவர் பன்ஹார்னுக்குப் பதிலாக, அவருடைய தம்பி புதிய பெயர்ப்பலகையின் கீழ் உட்கார்ந்தார். மக்கள் சக்தியினர் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த புவே தாய் கட்சிக்கு மாறினார்கள். ஆனால், நியூவின் சிட்சோப் என்ற தலைவரின் அணி மட்டும் எதிர்முகாமுக்குத் தாவியது. டிசம்பர் 15 அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சியின் அபிசித் வெஜ்ஜாஜீவா, நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 235க்கு 198 என்ற கணக்கில் பிரதமரானார். பொதுத் தேர்தல் நடக்கவில்லை. ஆட்சி மட்டும் மாறிவிட்டது.

வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதி மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஒட்டரிசி விளையும் வறண்ட பூமி. பிள்ளைகள் பாங்காக்கில் டாக்சி ஓட்டுவார்கள், கட்டட வேலை செய்வார்கள். முப்பது பாட் கொடுத்தால் மருத்துவமனையில் வைத்தியம் என்ற திட்டத்தைத் தக்சின் ஆட்சிதான் அவர்களுக்குத் தந்தது. அவர்கள் சிவப்புச் சட்டை அணிந்தார்கள். மஞ்சள் சட்டையினர் கைகளைத் தட்டினார்கள் அல்லவா? இவர்கள் பாதங்களின் வடிவில் தட்டும் கருவியைக் கொண்டுவந்தார்கள். காலைத் தூக்கிக் காட்டுவது பெரும் அவமதிப்பாகக் கருதப்படும் நாடு அது. எனவே அந்தப் பிளாஸ்டிக் பாதத்தின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வாயில் ஓயாமல் ஒலித்த சொல் 'சோங் மாத்ரதான்', அதாவது இரண்டு அளவுகோல். விமான நிலையத்தை மூடியவர்கள் வீடு திரும்ப முடிகிறது, எங்கள் வாக்கு மட்டும் செல்லாக்காசா என்பது அதன் உட்பொருள்.

2008 டிசம்பர் இறுதியில் அவர்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்துகொண்டதால், புதிய பிரதமர் தன் கொள்கை உரையை வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் நிகழ்த்த நேர்ந்தது. மறு ஏப்ரலில் பட்டாயாவில் கூடவிருந்த ஆசிய உச்சி மாநாட்டு அரங்குக்குள் புகுந்தார்கள். வந்திருந்த தலைவர்களில் சிலர் ஹெலிகாப்டரில் வெளியேற வேண்டியதாயிற்று. 2010 மார்ச்சில் ஆளுக்குச் சிறிதளவு ரத்தம் கொடுத்துச் சேர்த்து, அரசு மாளிகையின் வாயிலில் ஊற்றினார்கள். ஏப்ரல் 10 அன்று துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மே 19 அன்று ராணுவம் பாங்காக்கின் ராட்சபிரசோங் சந்திப்பிலிருந்து அவர்களை அகற்றியது. பெரிய வணிக வளாகம் எரிந்தது. ஈசானில் மாகாண அரசு அலுவலகங்கள் எரிந்தன. இறந்தோர் தொண்ணூறுக்கும் மேல். அதே ஆண்டு நவம்பரில் ஜனநாயகக் கட்சியைக் கலைக்கக் கோரிய வழக்கு, காலக்கெடு தாண்டி மனு தரப்பட்டது என்ற காரணத்தால் தள்ளுபடியானது. இரண்டு அளவுகோல் என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிட வசதியான சான்று யாரும் கொடுத்திருக்க முடியாது. 2011 ஜூலையில் தேர்தல் வந்தபோது புவே தாய் 500க்கு 265 இடங்களை வென்றது. அதே வாக்காளர்கள்தான், அவர்கள் கண்முன் மாட்டப்பட்ட மூன்றாவது பலகை இது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அண்மைக் கால வழக்குகளை விரித்துப் பேசக் குறிப்புகள் வைத்திருந்தேன், இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். இவை எதிர்க்கட்சிகளைக் கலைத்த வழக்குகள். 2020 பிப்ரவரியில் எதிர்காலம் முன்னோக்கிக் கட்சி, தன் தலைவரிடம் கடன் வாங்கியதற்காகக் கலைக்கப்பட்டது. பல்கலைக்கழக வளாகங்களில் கைப்பேசி விளக்குகளை ஏந்திய மாணவர்கள் திரண்டார்கள், அந்த ஆண்டின் பிற்பகுதியில் அது தெருப் போராட்டமாக வளர்ந்தது. அதன் வழித்தோன்றல் 2023 தேர்தலில் 151 இடங்களுடன் முதலிடம் பெற்றும் ஆட்சியமைக்க முடியாமல், 2024 ஆகஸ்ட் 7 அன்று கலைக்கப்பட்டது. இம்முறை தெருவில் பெரிய கொந்தளிப்பு எழவில்லை. இரண்டு நாள் கழித்து, அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 143 பேரும் புதிய பெயரோடு செய்தியாளர் முன் வந்தார்கள். அந்தப் பெயர், பிரசாசோன். நன்றி, வணக்கம்.