மே 30-ஐத் திருப்பிக் கொடுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போரில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் அமெரிக்காவின் மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கட்கிழமையா, மே 30-ஆ? இதுதான் நம் தலைப்பு. திங்கள் என்றால்தான் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு, அப்போதுதான் வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வந்து கல்லறையில் பூ வைக்க முடியும் என்றார் எதிரணித் தலைவர். நான் மே 30-க்காகப் பேசுகிறேன்.

ஐயா, லீவுக்காகப் பிறந்த நாளா இது? 1865 மே 1. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். அங்கே உள்நாட்டுப் போரின்போது குதிரைப் பந்தய மைதானத்துச் சிறையில் மாண்ட வடபகுதி வீரர்களை அவசரக் குழிகளில் போட்டிருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அந்த 250-க்கும் மேற்பட்ட உடல்களை முறையாக அடக்கம் செய்து, வேலி போட்டு, ஊர்வலமாகப் போய்ப் பூத் தூவினார்கள். மறுவருஷம் மே 5 அன்று நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூவில் கடைகளை அடைத்து, ஊரே மூன்று கல்லறைத் தோட்டங்களுக்கு நடந்தது. 1868-இல் வடபகுதி முன்னாள் வீரர்கள் சங்கத் தலைவர் ஜெனரல் ஜான் லோகன் இந்த நினைவுக்கு மே 30 என்று நாள் குறித்தார். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற தேதி அது.

1968 ஜூன் 28 அன்று, சில தேசிய லீவுகளைத் திங்கட்கிழமைக்கு மாற்றும் திங்கள் லீவுச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன் சொன்ன காரணங்கள் என்ன? குடும்பங்கள் கூடலாம், நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம். நல்லவைதான். ஆனால் மாண்டவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1971 முதல் அந்த நாள் மே 25-க்கும் 31-க்கும் நடுவே அலைகிறது. வீட்டில் ஒருவருக்குத் திதி வந்தால் வசதியான கிழமைக்குத் தள்ளுவோமா?

எதிரணித் தலைவர் சொன்ன அந்தக் கல்லறை வேலையையே பார்ப்போம். அது நின்று நிதானமாகச் செய்ய வேண்டியது. வெள்ளைப் பளிங்குக் கல்லை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்து, மென்மையான பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். பயணம் கிளம்பும் அவசரத்தில் பிளீச் ஊற்றினால் உப்பு கல்லுக்குள் இறங்கி நாளடைவில் பொடிப்பொடியாக உதிர்க்கும். கம்பிப் பிரஷ் கீறலும் துருக்கறையும் விட்டுப்போகும். எழுத்தே தேய்ந்து போனால் பெயர் சொல்ல யார் இருக்கிறார்கள்? சிறு கொடியைக் கல்லுக்கு ஒரு அடி முன்னால், நடுவில் ஊன்ற வேண்டும். மண் இறுகியிருந்தால் இரும்புக் கம்பியால் முதலில் துளை போடாவிட்டால் கொடிக்குச்சி ஒடியும்.

கம்பத்துக் கொடிக்கும் முறை உண்டு. காலையில் விறுவிறுவென்று உச்சிவரை ஏற்றி, பிறகு மெல்ல அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும்; நேராகப் பாதியில் நிறுத்துவது தவறு. நண்பகல் பன்னிரண்டுக்கு மீண்டும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். ஏற்ற ஆளில்லாமல் சாயங்காலம் வரை பாதியிலேயே தொங்கவிடுவது மரியாதை ஆகாது. பாதி ஊர் கடற்கரைக்குப் போய்விட்டால் அந்தக் கயிற்றை யார் பிடிப்பது?

மாற்றிய தேதியை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். முடிந்திருக்கிறது! அதே சட்டம், படையில் பணியாற்றிய எல்லாரையும் போற்றும் வெட்டரன்ஸ் டேயையும் நவம்பர் 11-இலிருந்து அக்டோபர் நான்காம் திங்களுக்குத் தள்ளியது. பல மாநிலங்கள் ஏற்கவில்லை. 1975-இல் புதுச் சட்டம் வந்து, 1978 முதல் பழைய தேதியே திரும்பியது. 2026-இல் அந்த நவம்பர் 11 புதன்கிழமை. வாரத்தின் நடுவில் வருகிறதே என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

மே 30-க்கும் அதையே கேட்டார் ஹவாய் செனட்டர் டேனியல் இனோவே. இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். 2012-இல் மறையும்வரை மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அவர் கேட்டதைத்தான் நடுவர் அவர்களே, நானும் உங்களிடம் கேட்கிறேன்.