அமெரிக்காவுக்குப் போன சுங்குடிச் சேலைக்கு வரி கேக்குறாங்க, யார் கட்டணும்?

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி, மதுரை விளக்குத்தூண் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்புனது. படிச்சிர்றேன். "அண்ணே, வாட்ஸப்புல ஆர்டர் எடுத்து சுங்குடிச் சேலை விக்கிறேன். அமெரிக்காவுக்கு ஆறு சேலை கொரியர்ல அனுப்புனேன். அங்க வரியும் அதுபோக ஒரு கட்டணமும் கட்டுனாத்தான் பார்சல் தருவோம்ங்கிறாங்க. வாங்குனவங்க, 'முழுப் பணமும் உங்களுக்கே குடுத்தாச்சே'ன்னு கோவப்படுறாங்க. துணிக்கு இங்க ஜிஎஸ்டி கட்டியாச்சு, மறுபடி எதுக்கு வரி? அடுத்த தடவ கிஃப்ட்டுன்னு எழுதிடலாமா?"

மொதல்ல அங்க நிக்கிற பார்சலப் பாப்போம். வெரசா முடிவெடுங்க, நாள் ஆக ஆக கிடங்கு வாடகை ஏறலாம். கொரியர் ஆபீஸ்ல பேசி, வரிய அனுப்புனவர் கணக்குக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க, நெறைய இடத்துல செய்வாங்க. இல்லன்னா சேலை வாங்குனவங்களக் கட்டச் சொல்லிட்டு அடுத்த ஆர்டர்ல கழிச்சுக் குடுங்க. திருப்பி வரவழைக்கிறதுதான் கடைசி வழி. வர்ற கூலியும் உங்க தலையிலதான் விழும்.

இப்ப எதுக்கு இந்த வரின்னு கேட்டீங்கள்ல. ஜிஎஸ்டி நம்ம அரசாங்கத்துக்குப் போறது. இது அந்த நாட்டு எல்லையில அவங்க போடுறது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. முன்னாடி 800 டாலருக்குள்ள இருந்தா அமெரிக்காவுக்குள்ள வரியில்லாமப் போயிரும். அந்தச் சலுகைய 2025 ஆகஸ்ட் 29-ல இருந்து எல்லா நாட்டுக்கும் எடுத்துட்டாங்க. அந்தக் குழப்பத்துல நம்ம தபால்துறையே அங்கிட்டுப் பார்சல் வாங்குறத நிறுத்தி, அக்டோபர் 15-ல தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. சதவீதம் அதுக்கப்புறமும் மாறிக்கிட்டேதான் இருக்கு. அதனால நான் ஒரு நம்பர் சொல்லி நீங்க அத எழுதி வச்சுக்க வேணாம், புக் பண்ற அன்னைக்குக் கேளுங்க.

அந்த இன்னொரு கட்டணம் வரி இல்ல. கொரியர்காரங்க உங்க சார்பா சுங்கத்துல முன்பணமாக் கட்டிட்டு, அதுக்கு வாங்குற கூலி. சின்னப் பார்சல்ல இது வரியவிடக் கூட வந்துரும். ஆளுங்க கடுப்பாகுறது பெரும்பாலும் இதுலதான்.

ஆக, வரி இருக்கத்தான் செய்யும். யார் தலையிலங்கிறதுதான் பேச்சு. மாட்டுத்தாவணியில எறங்குனா ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிக்கிறோம்ல, அப்பிடி ஆர்டர் எடுக்கும்போதே பேசிருங்க. கொரியர்ல டிடிபின்னா வரி அனுப்புறவர் பொறுப்பு, டிடியூன்னோ டிஏபின்னோ போட்டா வாங்குறவர் பொறுப்பு. நீங்க எதையும் சொல்லாம அனுப்புனா வழக்கமா வாங்குறவர் தலையிலதான் போய் நிக்கும். நீங்க சேலை விலையோட வரியையும் சேத்துச் சொல்லிருங்க. விலை கூடத் தெரியும், நாலு ஆர்டர் கொறையலாம். ஆனா வாசல்ல நின்னு காசு கேக்குற நெலம வராது. தபால்துறையில அமெரிக்கப் பார்சலுக்கு இப்ப புக் பண்றப்பவே இங்கயே வரிய வாங்கிக்கிற ஏற்பாடு வந்திருக்கு.

பில்லுல ஒரு விஷயம் கவனிங்க. அமெரிக்காவுல பொதுவா பொருள் விலைக்குத்தான் வரி, வெளிநாட்டுக்குப் போற கூலிக்கு இல்ல. சேலை விலை தனி, அனுப்புற கூலி தனின்னு பிரிச்சுக் காட்டுங்க. ஒரே தொகையாப் போட்டா கூலிக்கும் சேத்து வரி விழலாம். பிரிட்டன்ல இதுக்கு நேர்மாறு. பொருள் விலை 135 பவுண்டுக்கு மேல போனா கூலியையும் டூட்டியையும், அதாவது சுங்க வரியையும், கூட்டி, அந்த மொத்தத்து மேல 20 சதவீதம் வாட், நம்ம ஜிஎஸ்டி மாதிரி அவங்க ஊரு வரி. 135-க்குள்ள இருந்தா வித்தவங்களே விக்கும்போது வாட் வாங்கிக் கட்டணும். அந்த ஊர்ல போயி பதிவு பண்றது நம்மள மாதிரி சின்ன ஆளுக்குப் பெரிய சோலி. எட்ஸி மாதிரி ஆன்லைன் விற்பனைத் தளம் வழியா வித்தா அவங்களே வசூல் பண்ணிக் கட்டிருவாங்க.

இன்னொண்ணு, எங்கிருந்து அனுப்புறோம்ங்கிறது கணக்கில்ல, எங்க தயாரானதுங்கிறதுதான் கணக்கு. சுங்குடி நம்ம ஊருச் சரக்கு, 2005-ல புவிசார் குறியீடே வாங்குனது. ஆனா கூட வைக்கிற ஜாக்கெட் துணி சீனாவுல நெய்ததுன்னா, மதுரையில இருந்தே போனாலும் அதுக்கு சீனச் சரக்குக்குப் போடுற வரிதான்.

கிஃப்ட்டு விஷயத்துக்கு வர்றேன். வேணாம்மா. காசு வாங்காம ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்புறதுதான் அன்பளிப்பு, அதுக்கு அமெரிக்காவுல 100 டாலர் வரைக்கும் சலுகை இருக்கு. உங்களுதுல ஜிபே ரசீது இருக்கு, பில்லு இருக்கு. பொய் எழுதுனா அபராதம் ஒருபக்கம். பார்சல் தொலைஞ்சா நீங்க எழுதுன கொறஞ்ச விலைக்குத்தான் இழப்பீடு. சேலை பிடிக்கலன்னு திரும்பி வந்துச்சுன்னா அதவிடச் சங்கடம். ஏற்றுமதிப் பத்திரம் இருந்தா 'நம்ம சரக்குதான் திரும்பி வருது'ன்னு காட்டி வரியில்லாம எடுக்க வழி இருக்கு. கிஃப்ட்டுன்னு போனதுக்கு எதக் காட்டுவீங்க?

மத்த நாட்டுக்கு அனுப்புனா கணக்கு வேற. சிங்கப்பூருக்கு 400 டாலர், அவங்க டாலர்ல, அதுக்கு மேல போனா 9 சதவீதம் ஜிஎஸ்டி. மலேசியாவுல 500 ரிங்கிட்டுக்குள்ள இருக்கிறதுக்கு 10 சதவீதம், ஆனா அது பெரிய வியாபாரிங்களுக்குத்தான்.

மொறையா ஏற்றுமதி பண்ண ஐஇசி நம்பர், அதாவது ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற நம்பர், வேணும். ஆன்லைன்ல நீங்களே எடுக்கலாம், அரசாங்கக் கட்டணம் 500 ரூபாதான். அதுக்குப் போயி ஏஜென்ட்டுக்கு ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. ஜிஎஸ்டி பதிவு இருந்தா எல்யூடிங்கிற உறுதிமொழிப் பத்திரம் போட்டு, வரி இல்லாமலே ஏற்றுமதி பில் போடலாம், துணிக்குக் கட்டுன வரியையும் திரும்பக் கேக்கலாம். தபால்ல அனுப்புறதா இருந்தா 'டாக் கர் நிர்யாத் கேந்திரா'ன்னு ஏற்றுமதிக்குன்னே பிரிவு வச்சிருக்காங்க, அங்க பத்திரம் போடுறதுக்கு ஒத்தாசை பண்ணுவாங்க. சரி, அடுத்து ஊறுகாய் அனுப்புறதப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு.