வாசகர் யார் கையில்? – வலைப்பதிவு அணியின் வாதம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இணையத்தில் பணம் ஈட்ட ஏற்ற வழி வலைப்பதிவா, ஒருமுறை உழைத்துவிட்டுத் தொடர்ந்து பெறும் பேசிவ் இன்கமா என்பது இன்றைய தலைப்பு. வலைப்பதிவே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியில் இதுவரை பேசியவர்கள் மூன்று விஷயங்களை முன்வைத்தார்கள். மின்னூலோ, ஆன்லைன் கோர்ஸோ, யாரும் வாங்கிப் பயன்படுத்தும் ஸ்டாக் புகைப்படமோ ஒருமுறை ஏற்றிவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும் என்றார்கள். வலைப்பதிவில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் வருமானம் நின்றுவிடும் என்றார்கள். கூகுள் தன் தேடல் முறையை மாற்றி ஒரு அப்டேட் விட்டால் வலைப்பதிவர் கதி அதோகதி என்றார்கள். மூன்றாவதில் உண்மை இருக்கிறது. அதைப் பிறகு நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், "ஒருமுறை ஏற்றிவிட்டால்" என்ற சொல். ஏற்றுவது யாருக்கும் முடியும். ஏற்றியதை யார் வந்து பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்கு எதிரணி இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தந்தத் தளங்களின் விதிகளோ தெளிவாகப் பதில் சொல்கின்றன.

ஆன்லைன் கோர்ஸ் விற்கும் யூடெமி தளத்தைப் பாருங்கள். யூடெமியே தன் தேடல் மூலமாகவோ விளம்பரம் மூலமாகவோ கூட்டிவந்த மாணவர் உங்கள் கோர்ஸை வாங்கினால் உங்கள் பங்கு 37 சதவீதம். நீங்கள் கொடுத்த கூப்பன் அல்லது லிங்க் வழியாக வந்து வாங்கினால் 97 சதவீதம். அதே கோர்ஸ், அதே வீடியோ, அதே உழைப்பு. மீதி 60 எதற்கு? ஆளைக் கூட்டிவந்ததற்கு! பாடம் நடத்துவதைவிட, படிக்க வருபவரைக் கொண்டுவருவதற்குத்தான் அங்கே அதிக விலை. சந்தா மூலம் பார்க்கும் மாணவர்களிடமிருந்து வருகிற பங்கையும் யூடெமி 25 சதவீதத்திலிருந்து 2024-இல் 20 ஆகக் குறைத்தது. 2026-இல் 15 வரை இறங்கும் என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டது. கோர்ஸ் எடுத்தவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். அவர் தூங்கும்போதே பங்கும் குறைந்தது.

ஸ்டாக் புகைப்படம் என்றார் நண்பர். அவற்றை விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளம் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி, படம் எடுப்பவருடைய பங்கு 15 சதவீதத்தில் தொடங்கி, ஆண்டுக்குள் எத்தனை படம் விற்றது என்பதைப் பொறுத்து 40 வரை ஏறும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லாரும் மறுபடி அடிப்படியிலிருந்தே தொடங்க வேண்டும். போன ஆண்டு ஏறிய படியெல்லாம் கணக்கில் வராது. ஒருமுறை உழைத்தால் போதும் என்ற வாக்குறுதிக்கு இதைவிட நேரான மறுப்பு என்ன வேண்டும்?

அஃபிலியேட் லிங்க், அதாவது நாம் கொடுத்த லிங்க் வழியாகப் பொருள் விற்றால் கமிஷன் வரும் முறை? அமேசானின் அசோசியேட்ஸ் திட்டம் 1996-இலிருந்து இருக்கிறது. சேர்ந்து 180 நாளுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். லிங்கைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போடாவிட்டால் பெரும்பாலும் உங்களுக்கு எதுவும் கிடையாது. 2020 ஏப்ரலில் அமெரிக்கத் தளத்தில் மரச்சாமான், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆக்கினார்கள். மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே இருந்தது சில நாள்கள்தான்.

மின்னூலுக்கு வருவோம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 35 சதவீதம்தான். 9.99-க்கு விற்றால் கோப்பு அனுப்பும் கட்டணம் போக 7 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கையில் நிற்கும். 15 டாலர் விலை வைத்தால் நிற்பது 5.25 டாலர். அதாவது, உங்கள் நூலின் விலையைக்கூட நீங்கள் முழு உரிமையோடு வைக்க முடியாது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று: வாங்கியவர் யார் என்பதே உங்களுக்குத் தெரியாது. அடுத்த நூல் வந்தால் அவருக்குச் சொல்ல வழியில்லை. வாடகை வீட்டுக் கொல்லையில் தென்னை வைப்பவன் நிலைதான் இது. காய் பறிக்கும் காலம் வரும்போது வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது அவன் கையில் இல்லை.

நடுவர் அவர்களே, இவையெல்லாம் கெட்ட தளங்கள் என்று நான் சொல்லவில்லை. விற்க நல்ல இடங்கள்தான். ஆனால் வாங்குபவரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அந்த வாங்குபவர் உருவாகிற இடம் வலைப்பதிவு. எப்படி என்று ஒரே ஒரு பதிவை வைத்துக் காட்டுகிறேன்.

தையல் பற்றி ஒருவர் வலைப்பதிவு தொடங்குகிறார். "தையல் கலையின் சிறப்பு" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ஏனென்றால் யாரும் அதைத் தேடுவதில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து தவிப்பவர் தேடுவது இதை: "துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது." சிக்கல் அடியில் தெரிவதால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பாபின் கேஸின் திருகைத் திருப்பித் திருப்பி சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள். உண்மையில் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலுக்கு இறுக்கம் தரும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. பிடிப்பில்லாத மேல்நூல் அளவுக்கு மீறி இறங்கி, அடியில் கொத்தாகிறது. தீர்வு: ஃபுட்டைத் தூக்கு, ஊசியை உச்சிக்குக் கொண்டுவா, நூலை முழுக்க உருவிவிட்டுத் திரும்பக் கோத்துக்கொள். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை மெல்ல இழுத்துப் பார். இறுக்கம் தெரிந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் தட்டுக்குள் உட்காரவில்லை. இதைப் படம் போட்டு, தொடக்கத்திலேயே பதிலைச் சொல்லி எழுதினால் அதுதான் பதிவு.

சில வாரம் கழித்து, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறக்க வேண்டும். செயல்திறன் அறிக்கையில் எந்தெந்தத் தேடலுக்கு இந்தப் பதிவு காட்டப்பட்டது என்று இருக்கும். "ஊசி அடிக்கடி உடைகிறது" என்ற தேடலில் பலமுறை காட்டப்பட்டு, 18-ஆவது இடத்தில் நின்று, ஒரு கிளிக்கும் வாங்காமல் இருக்கிறது என்று வையுங்கள். புதியவர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வார். விவரம் தெரிந்தவருக்கு அது அடுத்த பதிவின் தலைப்பு! மெல்லிய துணிக்கு 75/11 அளவு ஊசி, சாதாரணப் பருத்திக்கு 90/14, டெனிமுக்கு 100/16, இழுபடும் பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி என்று தனிப் பதிவு எழுதி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைப்பார். அந்த ஊசிப் பதிவில்தான் அஃபிலியேட் லிங்க் இயல்பாகப் பொருந்தும். கமிஷன் வரும் என்பதை லிங்குக்கு முன்னாலேயே வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். அது விதி, நாணயமும்கூட. இப்படிச் சில பதிவுகள் சேர்ந்ததும், எந்த அளவு எடுப்பதில் எல்லாரும் தடுமாறுகிறார்கள் என்பது வாசகர் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். அதை வைத்து ஒரு கட்டிங் பேட்டர்ன் பிடிஎஃப் போட்டால், விற்குமா என்று ஊகிக்க வேண்டியதில்லை. கேட்டவர்களுக்கே விற்கிறோம்.

நூல் சிக்குவதைப் பற்றிய அந்தப் பதிவு பழசாகுமா? மெஷின் நூல் கோக்கும் முறை மாறாதவரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை லிங்க் வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும். எழுதுவதை நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும் என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. எதிரணி தேடுகிற பேசிவ் இன்கம் இந்தப் பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. அன்றன்றைய செய்தியை எழுதுபவருக்கு அவர்கள் சொன்னது பொருந்தும், பிரச்சினைக்குத் தீர்வு எழுதுபவருக்குப் பொருந்தாது.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் மட்டும் போட்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஓர் உதாரணக் கணக்கு: மாதம் 20,000 பக்கப் பார்வை, ஆயிரம் பார்வைக்கு 4 டாலர் என்றால் 80 டாலர். 100 டாலர் சேராமல் ஆட்சென்ஸ் பணம் அனுப்பாது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடும். அதே 20,000 பார்வையில் 400 பேர் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து, அவர்களில் 100-க்கு 3 பேர் 10 டாலர் பேட்டர்னை வாங்கினால் 12 பேர், 120 டாலர். அந்த 400 பேரும் அடுத்த மாதமும் பட்டியலில் இருப்பார்கள். விளம்பரத்தைக் கடந்துபோனவர் போனவர்தான். பணம் வரவில்லையே என்று சொந்த விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் கணக்கையே முடக்கிவிடும். தொடக்கத்திலேயே வலைப்பதிவுகள் சாகிற வழிகளில் இது ஒன்று.

மற்ற வழிகளையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வலைப்பதிவு தோற்கிறது என்று எதிரணி காட்டும் உதாரணங்களில் பல இந்தத் தவறுகள்தான். வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவும்போது, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு மறந்துபோகிறார்கள். மாதக்கணக்கில் எழுதியும் ஒருவரும் வருவதில்லை. வாசிப்பு அமைப்புகளில் அந்த டிக்கை எடுத்தால் முடிந்தது. பதிவின் முகவரியை மாற்றிவிட்டு பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திசைதிருப்பல் போடாமல் விடுகிறார்கள், தேடலில் சேர்த்த இடமெல்லாம் கரைந்துவிடும். போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுகிறார்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், கனத்த படத்தோடு அது நடக்காது. தளத்தின் பெயரான டொமைனைப் புதுப்பிக்க மறந்தவர்கள் நிலையைச் சொல்லவே வேண்டாம். சமையல், கிரிக்கெட், கடன் அட்டை என்று கலந்து எழுதும் தளத்துக்கு ஒரு பதிவைப் படித்தவர் இரண்டாவதைத் தேடி வரமாட்டார். இவை எதுவும் வலைப்பதிவு என்ற வழியின் குறை அல்ல.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. கூகுள் அப்டேட்டில் வலைப்பதிவுகள் அடிபட்டது உண்மை. 2011-இல் பாண்டா என்ற அப்டேட், 2022 ஆகஸ்டில் வந்த பயனுள்ள உள்ளடக்க அப்டேட், 2023 செப்டம்பரில் அதன் அடுத்த கட்டம், 2024 மார்ச் கோர் அப்டேட். நேர்மையாக எழுதிய சிறு தளங்களும் இவற்றில் வாசகரை இழந்தன. அதை மறுத்துப் பேசினால் அந்த எழுத்தாளர்களுக்கு நான் செய்கிற அநியாயம். 2024 மேயிலிருந்து தேடலின் மேலேயே ஏஐ சுருக்கம் வேறு வருகிறது. ஒரு வரியில் பதில் முடிந்துவிடும் பதிவுகளுக்கு அதில்தான் முதல் அடி. இவ்வளவு நாளில் இன்னது, இத்தனை கிலோவுக்கு இன்னது என்ற வகைப் பதிவை நம்பி இனி யாரும் தொடங்க வேண்டாம் என்று என் அணி சார்பாகவே சொல்கிறேன்.

ஆனால் அடி விழுந்த அன்று இருவர் நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தைத் தளம் கமிஷனைக் குறைத்தால், அங்கே மட்டும் விற்பவர் கையில் ஒரு முகவரிகூட இல்லை. வலைப்பதிவருக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, பதிவுகள் அவருடையவை, மின்னஞ்சல் பட்டியல் அவருடையது. கூகுளில் இறங்கினாலும் பட்டியலில் உள்ளவருக்கு நேரே எழுதலாம். அந்தப் பட்டியலை முதல் பதிவிலிருந்தே சேர்க்க வேண்டும், கூட்டம் வந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சேருபவரிடம் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்றைச் சொடுக்கச் சொல்லுங்கள், தவறான முகவரிகள் வடிகட்டப்படும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புபவரின் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மொத்தமாக அனுப்புபவருக்கு ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் சேர்க்காமல் அனுப்பினால் கடிதம் ஸ்பேம் பெட்டியில் விழும், அல்லது போய்ச் சேரவே சேராது. பட்டியலை மாதம் ஒருமுறை பிரதியெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொண்டால், அனுப்பும் நிறுவனத்தை மாற்றினாலும் வாசகர்கள் கூடவே வருவார்கள்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அவர் கோர்ஸ் போடுகிறார், நல்ல கோர்ஸ்தான். 37 சதவீதத்தோடு நிற்காமல் 97 சதவீதம் வாங்க அவர் மாணவர்களை எங்கிருந்து கூட்டிவருவார்? அந்த இடத்தின் பெயரை அவர் வாயாலேயே இந்த அவை கேட்கட்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.